ஊர்வலத்திற் பேட்டி எடுத்தல்

2021 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7 ஆந் திகதி, வடமராட்சிக் கடற்கரையிலுள்ள பொலிகண்டி என்னும் ஊரில் ஒரு நெடும் பேரணி முடிவெய்தியது. அம்மாதம் 3 ஆந் திகதி அம்பாறை மாவட்டத்துப் பொத்துவிலிலே தொடங்கிய அப்பேரணி, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், கிளிநொச்சி ஆகிய பகுதிகளைக் கடந்து ஐந்தாம் நாள் யாழ்ப்பாணக் குடாநாட்டினுட் புகுந்தது. எழுந்த முழக்கம் ஒன்றாயிருந்தது. வந்தவர் மனத்திலிருந்த குறைகளோ பலவாயிருந்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வந்தனர். காணியை இழந்தோர் வந்தனர். நீண்ட காலம் சிறையிலிருப்போரின் குடும்பத்தார் வந்தனர். கொவிட் நோயால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாக எரித்தல் தகாது என்று முஸ்லிம் மக்கள் வந்தனர். மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1000 ரூபா சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கையும் அதே பேரணியில் ஒலித்தது. அந்த மாதம் 25 ஆந் திகதியே உடல்களை அடக்கஞ் செய்ய அரசு இடமளித்தது. மார்ச் 5 ஆந் திகதி தோட்டச் சம்பளம் பற்றிய வர்த்தமானி வெளிவந்தது. இவை இரண்டுக்கும் பிறநாட்டாரின் நெருக்குதல், தொழிற்சங்கங்களின் முயற்சி முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஒரே வீதியில் ஒரே வெயிலில் நடந்தோருள் ஒரு சாராருக்கு ஒரு மாதத்துள் விடை கிடைத்தது. மற்றொரு சாராருக்குக் கிடைக்கவில்லை.

தூரத்தில் நின்று இத்தகைய பேரணியைப் படம்பிடிப்பவர் தலைகளையும் பதாகைகளையுமே காண்பார். முழக்கம் என்பது பலருடைய குறைகளை ஒரு வாக்கியத்துட் சுருக்குவது. சுருக்குவதனாலே அதற்கு வலிமை வருகின்றது. அதனாலேயே பலவற்றை அது மறைத்தும் விடுகின்றது. மறைந்து நிற்பதைத் தனித்தனி மனிதரின் வாயிலாக வெளிக்கொணர்வதுதான் பேட்டியின் வேலை. பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறையைப் பயில்வோரும், உயர்தர வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்னும் பாடத்தை எடுத்தோரும், வேறு பாடம் படித்தும் இதில் நாட்டங்கொண்டோருமாக இன்று பல இளைஞர் ஆவணப்படம் எடுக்க முனைகின்றனர். சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. கருவி எளிதாயிற்றே யொழிய, தெருவிலே நடக்கும் ஓர் அந்நியரை நிறுத்தி அவருடைய துன்பத்தைக் கேட்கும் செயல் எளிதாகிவிடவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு ஊர்வலமும் மறியலும் புதியனவல்ல. 1961 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஏப்ரல் நடுப்பகுதியில் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டுத் தலைவர்கள் கைதாகும் வரை நடைபெற்றது. அந்நாளைய ஒளிப்படங்களிலே வாயிலை மறித்து நிலத்தில் அமர்ந்திருக்கும் ஆடவரையும் பெண்டிரையும் காணலாம். ஒளிப்படம் முகத்தைத் தருகின்றது. ஆயின் அப்பெண்மணி காலையில் வீட்டிலிருந்து என்ன எண்ணிப் புறப்பட்டார், பிள்ளைகளை யாரிடம் விட்டுவந்தார், பொலிசார் தடியுடன் வந்தபோது அஞ்சினாரா என்பவற்றை அது சொல்லமாட்டாது. வானொலி கேட்கும் பழக்கமுடையோர் இதன் மறுபக்கத்தை நன்கறிவர்: குரல் மட்டும் வரும்போது முகத்தை மனமே வரைந்து கொள்கின்றது. முகமும் குரலும் ஒருங்கே வந்து சேர்வது பேசும் படத்தில்தான்.

அவ்விரண்டும் எளிய மக்களைப் பொறுத்தவரை ஒன்றுசேர்ந்த கதை, வியப்புக்குரிய வகையில், இலங்கையையும் தொட்டுச் செல்கின்றது. ஆவணப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜோன் கிரியர்சன் தயாரிக்க, பசில் றைற் என்பவர் நெறிப்படுத்திய 'சோங் ஒப் சிலோன்' என்னும் படம் 1934 இல் உருவாயிற்று. தேயிலைப் பிரசார சபை பணங்கொடுத்து எடுப்பித்த அப்படம் உலகப் புகழ் பெற்றது. சிவனொளிபாத மலை ஏறுவோர், நெல் விதைப்போர், நடனம் பயிலும் சிறுவர் எனப் பலரை அதிற் காணலாம். ஆனால் அவர்களுள் ஒருவரேனும் தம்மைப் பற்றித் தாமே பேசுவதில்லை. படத்திற் கேட்கும் விவரணம், இந்நாட்டிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தது. அதனை வாசித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ற். முகம் இலங்கையருடையது, சொல்லோ இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய பிறநாட்டாருடையது. படத்தின் அழகை இது குறைத்துவிடாது என்பது உண்மையே. எனினும் பிறர் முகத்துக்குத் தம் சொல்லைப் பூட்டும் அந்தப் பழக்கம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1935 இல், ஆதர் எல்ற்றன், எட்கார் அன்ஸ்ரி ஆகிய இருவரும் லண்டன் நகரின் ஸ்ரெப்னி என்னுஞ் சேரிப்பகுதிக்குப் பெருஞ்சுமையான ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டுசென்றனர். எலியும் மூட்டைப் பூச்சியும் மலிந்த அறைகளிலே குடியிருந்த ஏழை மக்கள் கமராவை நேரே நோக்கித் தம் வாயாலே பேசினர். அப்பணியில் உதவிய றூபி கிரியர்சன், ஜோன் கிரியர்சனின் சகோதரி. இந்தக் கமராவும் ஒலிவாங்கியும் உங்களுடையவை, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்னும் கருத்துப்பட அவர் அம்மக்களிடம் கூறினார் என்பர். பேட்டி எடுக்கப் புறப்படும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் அரிது. படத்துக்குப் பணங்கொடுத்தது ஒரு வாயு வணிகச் சங்கம். புது வீடுகளில் வாயு அடுப்பு வரும் என்பது அதன் ஆசை. ஆதலின் வாடகை வாங்கிய வீட்டுக்காரரைப் பற்றி அதில் அதிகம் பேச்சில்லை. பணங்கொடுப்பவர் யார் என்ற வினா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது.

கருவியின் சுமை குறைந்த பின்னரே தெருவிலே நடந்துகொண்டு பேட்டி எடுப்பது இயல்வதாயிற்று. 1950 களில் ஸ்ரெபான் குடெல்ஸ்கி ஆக்கிய 'நாக்ரா' என்னும் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். அதனைப் பயன்படுத்தி ஜோன் றூஷ், எட்கார் மொறன் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் 1960 ஆம் ஆண்டுக் கோடையிலே பாரிசு நகரில் ஒரு படம் எடுத்து 1961 இல் வெளியிட்டனர். 'ஒரு கோடையின் குறிப்பேடு' எனப் பெயர் பெயர்க்கலாம். அதில் மார்சலின் என்னும் இளம் பெண் கருவியைத் தாமே சுமந்துகொண்டு, எவரும் பக்கத்தில் வராமல், ஒரு பெருந்திடலைக் கடந்து நடக்கின்றார். நாசிகளின் வதைமுகாமிலிருந்து திரும்பி வராத தம் தந்தையைப் பற்றித் தமக்குத் தாமே பேசிக்கொண்டு போகின்றார். வினாவுவோர் அருகில் இல்லை. கமராவும் தொலைவில் இருக்கின்றது. துயரத்தைச் சொல்வதற்கு ஆட்கூட்டமன்று, சிறிது தனிமையே தேவை என்பதை இக்காட்சி காட்டுகின்றது.

குடாநாட்டு ஊர்வலத்தில் தனிமைக்கு இடமேது? முன்னால் ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் செல்லும், பின்னால் முழக்கம், பக்கத்திலே பேருந்தின் ஊதுகுழல். ஆகையினால், அநுபவமுடையோர் ஊர்வலத்தின் நடுவே நீண்ட பேட்டி எடுப்பதில்லை. முந்திய நாட்களில் ஏற்பாட்டாளரையும் உறவினரையும் சென்று காண்பர். யார் பேச விரும்புகின்றார், யார் பேசச் சோர்ந்திருக்கின்றார் என்று அறிவர். நீண்ட உரையாடலை அவரவர் வீட்டு விறாந்தையிலோ மரநிழலிலோ வைத்துக்கொள்வர். ஊர்வலத்தன்று எடுப்பது இரண்டொரு நிமிடச் சொற்கள்தாம்: ஏன் வந்தார், எங்கிருந்து வந்தார், கையிலிருக்கும் படம் யாருடையது. இந்த இரண்டையும் படத்தொகுப்பில் இணைக்கும்போது, வீதியில் ஒரு கணம் தோன்றி மறைந்த முகம் பிறகு தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவதைப் பார்ப்போர் காண்பர்.

ஒலி பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மாணவர் படங்களுட் பெரும்பாலானவை காட்சியாற் கெடுவதில்லை, ஒலியாலேயே கெடுகின்றன. பேசுவோரின் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தூரம் இரட்டிப்பானால், வந்துசேரும் ஒலியின் வலு நான்கிலொன்றாகக் குறைந்துவிடும். சுற்றியுள்ள இரைச்சலோ குறைவதில்லை. கைத்தொலைபேசியை ஆறடி தள்ளிப் பிடித்தவர் வீட்டுக்கு வந்து கேட்கும்போது முழக்கம் தெளிவாகவும் தாயின் சொல் மங்கலாகவும் கேட்பதன் காரணம் இதுவே. சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்று விலையுயர்ந்த கமராவைவிடப் பயன்தரும். பொலிகண்டி, வல்வெட்டித்துறை போன்ற கரையோர ஊர்களில் வாடைக் காற்று ஒலிவாங்கியிற் பட்டுப் படபடக்கும். பஞ்சோ கம்பளித் துண்டோ சுற்றினால் அது அடங்கும். பதிவு நடக்கும்போதே ஒருவர் காதிற் கருவியைப் பொருத்திக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெயிலுக்கும் ஒரு விதி உண்டு. நண்பகலில் உச்சியிலிருந்து விழும் ஒளி கண்குழிகளைக் கருமையாக்கிவிடும். காலை பத்து மணிக்கு முன் எடுப்பது, அல்லது மதிலோரத்து நிழலுக்குப் பேசுவோரை அழைத்துக்கொள்வது நன்று. நின்று பேசும் முதியவருக்குத் தண்ணீர் கொடுத்தாரா என்பதும் படப்பிடிப்பின் ஒரு பகுதியே.

வினாவின் மொழி மற்றொன்று. தொலைக்காட்சிச் செய்தியாளரைப் பின்பற்றி, "தங்களுடைய மனவுணர்வு எவ்வாறுள்ளது?" என்று மாணவர் கேட்டால், ஊர்த் தாயும் மேடைத் தமிழிலே எதையோ ஒப்புவிப்பார். "மகனைக் கடைசியா எங்கை கண்டனீங்கள் அம்மா?" என்று தன் ஊர்ப் பேச்சிலே கேட்கும் பிள்ளைக்கு அவர் தன் பேச்சிலேயே விடை சொல்வார். ஆம், இல்லை என்ற விடையோடு முடியும் கேள்வியைக் கேட்பதால் பயனில்லை. கேட்டவரின் குரல் படத்தில் வராதென்றால், விடையே முழு வாக்கியமாக அமைதல் வேண்டும். அதனை முன்னரே பணிவாகச் சொல்லிவைக்கலாம். கேள்விக்குப் பின் மௌனம் வந்தால் அடுத்த கேள்வியால் அதை நிரப்ப முனைவது இளைஞரின் இயல்பு. சிறிது பொறுத்திருந்தால், அதற்குப் பின் வரும் சொல்லே பெரும்பாலும் உண்மையான சொல்லாக இருக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினரைப் பேட்டி காண்பது தனியே எண்ணிப் பார்க்கத் தக்கது. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்பு அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். (1961 இன் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் அதே திகதி, தற்செயலான ஒற்றுமை.) அவ்வாண்டிலேயே வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் குடாநாட்டின் மருதங்கேணியிலும் இத்தகைய போராட்டங்கள் எழுந்தன. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 30 ஆந் திகதி அவர்கள் படங்களை ஏந்தி வீதியில் நடக்கின்றனர். பிள்ளையைத் தேடியவாறே நூற்றுக்கு மேற்பட்ட பெற்றோர் இறந்துவிட்டனர் என அவர்களுடைய சங்கங்கள் தெரிவித்துள்ளன. 2025 ஆம் ஆண்டு யூன் 23 முதல் 25 வரை செம்மணியிலே 'அணையா விளக்கு' என்னும் போராட்டம் நடைபெற்றது. அவ்விடத்து மயானத்திலே அகழப்பட்ட புதைகுழிகளிலிருந்து அவ்வாண்டுக்குள் 200 இற்கு மேற்பட்ட மனித என்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. போராட்டத்தின் இறுதி நாளில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் ஆணையாளர் அங்கு வந்து சென்றார். அந்நாட்களில் அங்கு கூடிய கமராக்கள் பல.

அத்தகைய ஒரு தாய் தன் கதையை முதன்முறையாக மாணவரிடம் சொல்கின்றார் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன் அவர் சொல்லியிருப்பார். 2013 இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்குச் சொல்லியிருப்பார். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு மனுக் கொடுத்திருப்பார். அல்லது அதன்மேல் நம்பிக்கையில்லை என்று மறுத்திருப்பார். பொலிசு நிலையம், செஞ்சிலுவைச் சங்கம், உள்நாட்டுப் பத்திரிகை, வெளிநாட்டுத் தொலைக்காட்சி என எத்தனையோ பேரிடம் ஒரே நாளை, ஒரே இடத்தை, ஒரே உடையின் நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தவர் அவர். ஒவ்வொரு முறையும் ஏதோ நடக்கும் என்று எண்ணியே சொன்னார். மாணவரின் கமராவைக் கண்டும் அவ்வாறே எண்ணுவார். இந்நிலையில், இப்படம் வகுப்புக்காக எடுப்பது, இதனால் மகன் கிடைப்பான் என்று உறுதி கூற இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்வது மாணவரின் கடன். சொன்னால் அவர் பேசமாட்டாரே என்ற அச்சம் வீணானது. அதைக் கேட்ட பின்னரும் பேசுபவரே பலர். ஆயினும் மறுப்பவர் ஒருவர் இருந்தால் அவருக்கு மறுக்கும் உரிமை உண்டு.

அவரை அழவைப்பதற்காகக் கேட்கும் கேள்விகளும் உள. கண்ணீர் வந்தவுடன் கமராவை முகத்தருகே கொண்டுபோகும் வழக்கமும் உண்டு. தொலைக்காட்சிகள் பல இதைச் செய்கின்றன என்பது மாணவர் செய்வதற்குக் காரணமாகாது. காணாமற்போன மகன் எப்படிப்பட்டவன், என்ன படித்தான், எந்தக் கறியை விரும்பி உண்டான், எந்தத் துவிச்சக்கரவண்டியில் பள்ளிக்கூடம் போனான் என்று கேட்டால், ஆணைக்குழு எதுவும் கேட்காதவற்றை அத்தாய் சொல்வார். ஒரு வழக்கிலக்கமாகிவிட்ட பிள்ளை மீண்டும் ஒரு பிள்ளையாகப் படத்திலே தோன்றுவான்.

சம்மதம் என்பதைச் சிலர் ஒரு தாளில் வாங்கும் கையொப்பம் என்று கருதுகின்றனர். ஊர்வலத்தின் நடுவே, முழக்கத்தின் வேகத்தில், எவரும் எதற்கும் தலையசைப்பர். மறுநாள் வீட்டிலே அமைதியாக இருக்கும்போது அவருடைய மனம் மாறலாம். ஆதலால் ஒருமுறை வீதியிலும், மறுமுறை ஓரிரு நாள் கழித்தும், படம் தொகுத்து முடிந்த பின்னர் மூன்றாம் முறையும் கேட்பதே முறை. இப்படத்தை எங்கே காட்டப்போகின்றார், இணையத்தில் ஏற்றினால் எந்நாட்டிலும் எவரும் எக்காலத்தும் பார்க்கலாம் என்பவற்றை விளக்கிய பின் பெறுவதே சம்மதம். சிறுவரைப் பொறுத்தவரை பெற்றோரின் அநுமதி இன்றியமையாதது. பாடசாலைச் சீருடையோடு ஊர்வலத்திலே நிற்கும் பிள்ளையின் முகத்தைக் காட்டாமல் விடுவதே நன்று. சீருடையின் கழுத்துப்பட்டியும் சின்னமும் பாடசாலையின் பெயரைச் சொல்லிவிடும் என்பதை எந்த அதிபரும் அறிவார்.

இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். பேச்சுரிமையும் அமைதியாக ஒன்றுகூடும் உரிமையும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் உறுதி செய்யப்பட்டவை. ஊர்வலம் பொது வீதியில் நடப்பது. அதனைப் படம்பிடிப்பது குற்றமன்று. ஆயினும் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரையான பேரணிக்கு எதிராகப் பல நீதிமன்றங்களிலே பொலிசார் தடையுத்தரவு பெற்றனர். பேரணி முடிந்த பின்னர் பங்குபற்றியோர் பலரிடம் வாக்குமூலம் வாங்கினர். 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்து நடந்த தேடுதலின்போது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தலைவர்கள் இருவர் அங்கு காணப்பட்ட படங்களைக் காரணமாகக் கொண்டு கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். சுவரிலே தொங்கும் படம் ஒரு நாள் சான்றுப்பொருளாகும் என்று அதனை மாட்டியவர் எண்ணியிருக்க மாட்டார். பேட்டியும் அத்தகையதே. பேசியவர் ஊர்வலம் முடிந்ததும் கூட்டத்தோடு கலைந்து வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய முகமும் சொல்லும் கலைந்துபோவதில்லை.

இந்தியாவிலே இதனை நன்குணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1974 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆந் திகதி பீகார் மாநிலத்துப் பட்னா நகரில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் தலைமையிற் பெரும் ஊர்வலம் நடைபெற்றது. அப்போது 24 வயதினராயிருந்த ஆனந்த் பட்வர்த்தன் அதனைச் சிறிய 'சூப்பர் எட்டு' கமராவினாற் படம்பிடித்தார். பெரிய படச்சுருளுக்கு வசதி போதாமையால், எடுத்ததைத் திரையிலே ஓட்டி, அத்திரையை மீண்டும் 16 மில்லிமீற்றர் சுருளிற் படம்பிடித்து, 'புரட்சியின் அலைகள்' எனப் பொருள்படும் படமாக்கினார். 400 அடிச் சுருளொன்று பதினொரு நிமிடம் மட்டுமே ஓடும் அக்காலத்திலே இது பெருமுயற்சி. அடுத்த ஆண்டு யூன் 25 ஆந் திகதி அவசரநிலை பிரகடனமாயிற்று. படத்திலே தோன்றியோர் பலர் அரசின் கண்ணுக்கு இலக்காகக்கூடிய நிலை வந்தது. படம் மறைவாகவே காட்டப்பட்டது; ஒரு பிரதி துண்டுகளாக வெட்டப்பட்டுப் பிறநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நவம்பரிற் பேசியவர்கள் அடுத்த யூனில் இவ்வாறு ஆகும் என்று எண்ணியா பேசினர்? பேட்டி எடுக்கும் நாளின் அரசியல் நிலை படம் காட்டும் நாளிலும் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

முகம் மறைத்தல் பற்றி மாணவரிடையே தவறான எண்ணம் பரவியுள்ளது. கணினியிலே முகத்தைக் கலங்கலாக்கிவிட்டால் போதும் என்று கருதுகின்றனர். குரலும் நடையும் கைவிரலின் மோதிரமும் ஒருவரை ஊராருக்குக் காட்டிக்கொடுக்கும். பின்னால் நிற்கும் மோட்டார்ச் சைக்கிளின் இலக்கத்தகடு, வீட்டின் படலை, கடையின் பெயர்ப்பலகை ஆகியவையும் அவ்வாறே. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தினுள்ளே எடுத்த இடமும் நேரமும் பதிந்திருப்பதுண்டு. கலங்கலாக்காத மூலப்பதிவு அதே தொலைபேசியில் இருக்கும்போது, தொலைபேசியைக் கையிற் பெறுபவருக்கு மறைப்பினால் என்ன தடை? ஆதலின் மறைக்க வேண்டியதை எடுக்கும்போதே மறைக்க வேண்டும். பேசுவோரின் கைகளை மட்டும் எடுக்கலாம். மடியிலிருக்கும் ஒளிப்படத்தை எடுக்கலாம். வெளிச்சத்துக்கு முன் இருத்தி நிழலுருவமாக எடுக்கலாம். முகத்தை முழுவதும் காட்டியே தீரவேண்டும் என்று விடாப்பிடியாகச் சொல்லும் தாய்மாரும் உளர். ஒளிந்து பேச நான் என்ன குற்றம் செய்தேன் என்பது அவர்கள் கேள்வி. அவர்களை மறைப்பதும் ஒருவகை அவமதிப்பே. தீர்மானம் அவர்களுடையது.

பேட்டியே கிடைக்காத இடத்திலும் படம் எடுத்தோர் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளராயிருந்து 1989 செப்ரெம்பர் 21 ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்ட ராஜனி திராணகம பற்றி 2005 இல் கனடிய நெறியாளர் ஹெலன் குளொடாவ்ஸ்கி ஓர் ஆவணப்படம் எடுத்தார். இறந்தவரைப் பேட்டி காண இயலாது. ஆதலால் சில காட்சிகளை நடித்துக் காட்டினர். தாயாகத் தோன்றியவர் மகள். இது எல்லாருக்கும் ஏற்ற வழியன்று. நடிப்பு என்பது பார்ப்போருக்குத் தெளிவாகத் தெரிதல் வேண்டும்.

எடுத்ததைத் தொகுக்கும் மேசையிலேதான் நேர்மை சோதனைக்கு உள்ளாகின்றது. 1920 களிலே ருசிய நெறியாளர் லெவ் குலெஷோவ் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒருமுறை உணவுத் தட்டோடும், மறுமுறை பிணப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தோர் முதலாவதிற் பசியையும் இரண்டாவதிற் துயரையும் அம்முகத்திலே கண்டனர் என்று கூறுவர். அதேபோல, பேட்டியில் ஒருவர் சொன்ன "ஆனால்" என்ற சொல்லுக்குப் பின்னுள்ளதை வெட்டிவிட்டாற் போதும், அவர் கருத்துத் தலைகீழாகிவிடும். காணாமற்போன மகனைப் பற்றிப் பேசும் தாய் இயக்கத்தைப் பற்றியும் கடுஞ்சொற் சொல்லியிருக்கலாம். ஊர்வலத்தை ஒழுங்கு செய்தோரின்மேல் அவருக்கு மனக்குறை இருக்கலாம். இனிப் போதும், இழப்பீட்டைத் தந்தால் வாங்கிக்கொள்வேன் என்று ஒருவரும், ஒருபோதும் வாங்கேன் என்று மற்றொருவரும் சொல்லலாம். முழக்கத்துக்கு ஒவ்வாதவற்றை விலக்கிவிட்டால் படம் மற்றுமொரு பதாகையாகிவிடும். கடையடைப்பினால் அன்றைய கூலியை இழந்த நாட்டாண்மைத் தொழிலாளியையும், வீதியோரத்திலே கடமையில் நின்ற பொலிசுக்காரரையும் கேட்டுப் பார்க்கலாம். மறுத்தால், மறுத்தார் என்பதைச் சொல்லலாம்.

பெற்ற சொல்லைக் கொடுத்தவரிடம் திரும்பக் கொண்டுபோவது பலரும் மறந்துவிடும் வேலை. புள்ளி பெற்றவுடன் மாணவரின் படம் முடிந்துவிடுகின்றது; பேசியவர் அதைக் காண்பதேயில்லை. வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, பேசியோரை முதலில் இருத்திக் காட்டுவதற்குப் பெருஞ்செலவில்லை. றூஷும் மொறனும் தம் படத்தில் தோன்றியோருக்கு அதனைப் போட்டுக்காட்டினர். சிலர் மெய்யென்றனர், சிலர் நடிப்பென்றனர், சிலர் வெட்கமின்றிப் பேசிவிட்டனர் என்று குறைகூறினர். அந்த வாக்குவாதத்தையும் நெறியாளர்கள் படம்பிடித்து அதே படத்தின் இறுதியிற் சேர்த்துவிட்டனர்.

படத்திற் சேராத பேட்டிகளின் கதி என்ன? ஒரு மணி நேரம் பேசியவரின் இரண்டு நிமிடமே படத்தில் வரும். எஞ்சிய ஐம்பத்தெட்டு நிமிடமும் கணினியிலே இடம் போதாமல் ஒரு நாள் அழிக்கப்படும். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு மூட்டிய தீயிலே யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த எரிப்பைப் பற்றி 2008 இல் சோமிதரன் 'எரியும் நினைவுகள்' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். பேணாத பதிவுக்குத் தீயும் வேண்டுவதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்திற் பேணுவதோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் ஏற்றுப் பாதுகாக்கின்றது. அங்கு கொடுப்பதற்கு முன்னர் ஒவ்வொரு பதிவுக்கும் எடுத்த நாள், இடம், கேட்டவர், பேசிய மொழி, எவரெவர் பார்க்கலாம் என்ற நிபந்தனை ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டவர்களின் பெயர்களைப் பதிவோடு சேர்க்காமல் வேறொரு தாளில் எழுதி வேறிடத்திலே வைப்பர். இரண்டு பிரதிகள் இரண்டு வீடுகளில் இருத்தல் நன்று. ஒன்று குடாநாட்டுக்கு வெளியே இருப்பின் இன்னும் நன்று.